புளியங்குடிக்குக் கொண்டுபோன பொய்

சிவராமலிங்கம் செத்துப்போன நேரத்தில் நான் ஒரு ரயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வாயால்தான். வேறு எதனால் தள்ளுவேன்? சங்கரன்கோவில் ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். வேலையில் இருந்தபோது அசைக்க முடியாத ரயிலையெல்லாம், ரிட்டையர் ஆன பிறகு பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு ஓட்டினேன். சாயங்காலம் செங்கோட்டை வண்டி வருவதற்கு முன்னாலேயே நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெஞ்சைப் பிடித்துவிடுவோம். ஸ்டேஷன் மாஸ்டர் புதுசு. இரண்டு கிழவர்களை எழுப்பிவிடும் தைரியம் அவருக்கு இன்னும் வரவில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷத்து வைகாசி. அன்றைக்கு அடித்த வெயிலில் தண்டவாளம் இளகி, நோயாளி மாதிரி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. கோயில் கோபுரத்தின் நிழல் சூடு தாங்காமல் எழுந்துபோய்ச் சோடாக் கடையில் ஒதுங்கி நின்றது. நான் வத்தல் மூட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். யுத்த காலம், நல்ல சாக்குக்குப் பஞ்சம், ஓட்டைச் சாக்கில் மிளகாய் வத்தலை ஏற்றி அனுப்பினேன், நெடி வண்டியின் வாலில் கார்டு உட்காருகிற பெட்டிக்குள் போய்விட்டது. இதுவரைக்கும் சத்தியம். மற்றது இப்படி:

"கார்டு போட்டான் பாரும் ஒரு தும்மல்! தென்காசிக்குப் போய்க்கிட்டிருந்த வண்டி அப்படியே நின்னுட்டு. ரெண்டாவது தும்மல்ல பின்னால நகருது. மூணாவது தும்மல்ல கரிவலம்வந்தநல்லூர்ல போய் நிக்கி. அங்கன உள்ள ஸ்டேஷன் மாஸ்டர் கொடியும் கையுமா ஓடி வாரான், வே, இது எந்த வண்டின்னு கேக்கான்..."

இங்கே நிறுத்தினேன். நிறுத்தவேண்டிய இடம் அது. இந்த இடத்தில் சிவராமலிங்கம், "வே, வண்டி அசையல. கார்டு தும்மினது மட்டும் நெசம்" என்று சொல்லவேண்டும். நான் "அசைஞ்சுது" என்பேன். அவர் "இல்ல" என்பார். "ஒரு மைலாவது?" என்பேன். "ஒரு முழம்கூட இல்ல" என்பார். கத்தரிக்காய்க்காரியிடம் பேரம் பேசுகிற மாதிரி நான் இறங்கி இறங்கி வருவேன். அவர் ஒரு காசு ஏறமாட்டார். கடைசியில் ரயில் நின்ற இடத்திலேயே நிற்கும். எனக்கு அதில்தான் சந்தோஷம்.

அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னவே, ஒத்துக்கிட்டீரா?" என்றேன். பதில் இல்லை. எனக்கு ஒரு பெருமை வந்தது பாருங்கள்! பிள்ளைப் பிராயத்திலிருந்து மல்லுக்கட்டியவனை ஒருவழியாக ஜெயித்துவிட்டேன் என்று, வண்டியை ராஜபாளையத்துக்குத் தள்ளினேன். அதற்கும் மறுப்பு இல்லை. கும்மாளமாக விருதுநகர் வரைக்கும் கொண்டுபோனேன். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

தூணில் தலை சாய்ந்திருந்தது. மடியில் மேல்துண்டு மடித்தபடி இருந்தது. அவர் எந்தத் துண்டையும் மடிக்காமல் வைத்தவர் அல்ல.

அவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கோயில் உக்கிராணத்தில் அரிசியும் பருப்பும் அளந்து கொடுக்கிற உத்தியோகம் பார்த்தவர். குவித்து அளந்தால் சாமிக்கு நஷ்டம், குறைத்து அளந்தால் மடைப்பள்ளிக்கு நஷ்டம் என்று படியின் வாயில் கையை ஓட்டித் தலைதட்டித்தான் கொடுப்பார். பேச்சும் அப்படியே. அவர் "லேசாப் பசிக்கி" என்றால் இரண்டு வேளை சாப்பிடவில்லை என்று அர்த்தம். "நல்ல மழை" என்றால் ஊரில் நாலு வீடு இடிந்திருக்கும். நானோ தும்மினால் ரயிலைப் புரட்டுகிறவன். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. ஒத்துப்போகவில்லை, ஐயா. ஒரு நாள்கூட ஒத்துப்போகவில்லை. அதனால்தான் ஒரு நாள்கூடப் பிரியவில்லை.

சாவு வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம் உண்டு. மகன் கொள்ளி வைக்கவேண்டும். பங்காளிகள் குடத்தோடு நீர்மாலைக்குப் போகவேண்டும். சம்பந்தி வீட்டார் கோடித்துணி போடவேண்டும். கொழுந்தியாள் மக்கள் வரைக்கும் யாருக்கு எந்த வரிசை என்று முன்னோர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். சிநேகிதனை மட்டும் மறந்துவிட்டார்கள். நான் வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் ஜோடி இருக்கும். சரி, நாற்பது.

மதுரை மில்லில் வேலை பார்க்கிற அவருடைய மகன் பரமசிவன், மறுநாள் காலை வண்டியில் வந்து இறங்கினான். தெப்பக்குளத்தங்கரையில் உட்காரவைத்து அவனுக்குத் தலையும் மீசையும் எடுத்தார்கள். அவன் எழுந்ததும் நான் போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சிக்கு எதுக்கு?" என்றார் அவர், கத்தியைத் துடைத்தபடி.

"எடும்."

"உரிமப்பட்ட ஆளுதான் எடுக்கணும். நீங்க என்ன முறை?"

என்ன முறை? பள்ளிக்கூடத்தில் ஒரே மணையில் உட்கார்ந்த முறை. ஒரே அம்மை நோயில் அடுத்தடுத்த வேப்பிலையில் கிடந்த முறை. வாயைத் திறந்தேன். எனக்கு, இந்த நெல்லைநாயகத்துக்கு, சொல்ல ஒரு சொல் வரவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். மீசை முகத்திலேயே இருந்தது. சாதாரண மீசையா அது! இரண்டு முனையிலும் காக்காய் வந்து உட்கார்ந்தால் முறியாது. அன்றைக்கு அது எனக்கு யாரோ ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த மீசையால்தான் பிறகு வந்ததெல்லாம் வந்தது.

சிவராமலிங்கத்துக்கு மகள் வயிற்றில் ஒரே பேத்தி, ஆனந்தவல்லி. அவளைப் பெற்றெடுத்த வலியிலேயே அவள் தாய் போய்விட்டாள். தகப்பன் வேறு கல்யாணம் முடித்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தோடு சரி. எடுத்து வளர்த்தது தாத்தாதான். உக்கிராணத்து அரிசி மூட்டைகளுக்கு நடுவில் தொட்டில் கட்டி வளர்த்தார். புளியங்குடியில் எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். இப்போது அவளுக்கு நிறைமாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிவரவேண்டும். பெண்பிள்ளை யாரும் இல்லாத வீட்டுக்கு எப்படிக் கூட்டிவருவது? இங்கேயே இருக்கட்டும் என்று மாமியார் காந்திமதியம்மாள் சொல்லிவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் தாத்தாதான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

சாவுச் செய்தி அவளுக்குப் போகவில்லை. அவள் புருஷன் கோமதிசங்கர், சிவகிரிக்குக் காய் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வந்திருந்தான். என்னையும் பரமசிவனையும் தனியே கூப்பிட்டான்.

"அம்மை சொல்லி விட்டிருக்கா. புள்ள பெறுத வரைக்கும் அவ காதுக்குப் போகக்கூடாது. மருத்துவச்சியும் அதத்தான் சொல்லுதா. அவ அம்மைக்கு ஆன மாதிரி இவளுக்கும் ஆயிட்டா..."

"வெள்ளிக்கிழமை தாத்தா எங்கன்னு கேப்பாளே" என்றான் பரமசிவன்.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும், மாமா."

பரமசிவன் தன் வழுவழுப்பான தலையைத் தடவிக்கொண்டான். மீசை இல்லாத மாமனைக் கண்ட மாத்திரத்தில் எந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் போகும்? இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முகத்தையா? மீசையை.

"பொய் சொல்ல உங்களுக்குச் சொல்லித்தரணுமா பெரியப்பா?" என்றான் பரமசிவன். "ஆனா ஒண்ணு. நீங்க எதச் சொன்னாலும் யாரும் நம்புததில்ல. இந்த ஒரு தடவ கொஞ்சம் அளவாச் சொல்லுங்க. காலு சுளுக்கிட்டுன்னு மட்டும் சொல்லுங்க. யானை, பூனைன்னு ஆரம்பிச்சிராதீங்க."

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். அந்தப் பஸ்ஸைப் பற்றிச் சொன்னால் ஒரு புராணம் ஆகும்: உட்கார டிக்கெட் ஒரு விலை, இறங்கித் தள்ள டிக்கெட் ஒரு விலை, தள்ளுகிற டிக்கெட்டுக்குத்தான் கிராக்கி. ஆனால் அன்றைக்கு நான் அதையெல்லாம் மனசில்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. பொய்யை இழைத்துக்கொண்டே போனேன். பரமசிவன் சொன்னதில் நியாயம் இருந்தது. என் ஆயுசில் நான் சொன்ன பொய் எதையும் யாரும் நம்பவேண்டும் என்று சொன்னதே இல்லை. இதை நம்பவேண்டும். நம்பாவிட்டால் ஒரு உயிர், இரண்டு உயிர். ஆகவே இதைச் சிவராமலிங்கம் சொல்லுகிற மாதிரி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தலைதட்டி.

புளியங்குடி வந்துவிட்டது என்று கண்டக்டர் சொல்லவேண்டியதில்லை. எலுமிச்சை வாடையில் ஊர் எல்லையிலேயே பல் கூசும், பல் இல்லாத கிழவர்களுக்கு ஈறு கூசும். மண்டிக்காரர் வீட்டுப் பட்டாசாலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள் ஆனந்தவல்லி. முகம் வெளுத்து, வயிறு அவளுக்கு முன்னால் தனி ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள்.

"ரயில் தாத்தா! நீங்களா? எங்க தாத்தா எங்க?"

காந்திமதியம்மாள் பக்கத்தில் நின்றார். அந்த அம்மாளின் இரண்டு கையும் முந்தானைக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"காலு லேசாச் சுளுக்கியிருக்கு, தாயி. தெப்பக்குளத்துல குளிக்கப்போன இடத்துல ஒரு படி வழுக்கிட்டு. எண்ணெய் போட்டுக் கட்டியிருக்கு. ஒரு மாசம் பஸ் ஏறக்கூடாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காரு."

"ஒரு படியா?"

"ஒரு படிதான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. சாப்பாடு நல்லாச் செல்லுது. நேத்து ரெண்டு இட்டிலி சாப்பிட்டாக."

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ காத்திருக்கிற மாதிரி பார்த்தாள். பிறகு "சரி" என்றாள்.

வாசல் வரைக்கும் வந்த காந்திமதியம்மாள் தாழ்ந்த குரலில், "அண்ணாச்சி, கையெடுத்துக் கும்பிடணும் உங்கள. என்னமாச் சொன்னீக! ஒரு சொல்லு கூட இல்ல, ஒரு சொல்லு குறைய இல்ல" என்றார். எனக்கும் பெருமைதான். இவ்வளவு சுத்தமான பொய்யை நான் சொன்னதே கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்து, "பாத்தீராவே, உம்ம மாதிரியே சொல்லிட்டேன்" என்று பக்கத்து இடத்தைப் பார்த்துச் சொன்னேன். அங்கே ஒரு அம்மாள் கோழியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கோழி என்னைப் பார்த்தது.

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போனேன். போகாமல் எங்கே போவது? புது ஸ்டேஷன் மாஸ்டர் இரக்கப்பட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சுக்கு அவருக்கு வத்தல் மூட்டைக் கதையைச் சொன்னேன். கார்டு தும்மினான், வண்டி கரிவலம்வந்தநல்லூர் போய்ச் சேர்ந்தது.

"அப்படியா சார்!" என்றார்.

நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தேன். மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன்.

"அந்தக் காலத்து வண்டியெல்லாம் அப்படித்தான் சார்" என்றார்.

நம்பிவிட்டார். பாவி மனுஷன், ஒரு ரயில் வண்டியை அப்படியே முழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இனிமேல் நான் சொல்லுகிற ரயில் எதுவும் ஊர் திரும்பப்போவதில்லை. நான் தள்ளிக்கொண்டே போகலாம், டெல்லி வரைக்கும், இமயமலை வரைக்கும். பிடித்து இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்த ஆள் இல்லை. உலகத்தில் எது எவ்வளவு பெரிசு என்று எனக்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு மனுஷன்.

அடுத்த வெள்ளி மறுபடியும் புளியங்குடி. இந்தத் தடவை ஆனந்தவல்லி பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழ முயலவில்லை. கட்டு அவிழ்க்கவில்லை, வீக்கம் குறைகிறது, தாத்தா உன்னைத்தான் கேட்டார் என்று மூன்று பொய்யையும் வரிசையாக எடுத்து வைத்தேன்.

"அத்தை, ரயில் தாத்தாவுக்குச் சுக்குத்தண்ணி போட்டுக் கொண்டாங்களேன். வெயில்ல வந்திருக்காக" என்றாள் அவள்.

காந்திமதியம்மாள் உள்ளே போனார். போனதும் அவள் குரல் மாறிவிட்டது.

"ஒரு படிதான் வழுக்கினாகளா?"

"ஆமா, தாயி."

"நீங்க எங்க நின்னீக?"

"பக்கத்துல."

"தெப்பத்துத் தண்ணி மேல ஏறி ஊருக்குள்ள வரலியா?"

"இல்லியே."

"மீனெல்லாம் தெருவுல துள்ளலியா? கோயில் யானை வந்து தும்பிக்கையால தூக்கலியா?"

"ஏட்டி, என்ன கேள்வி இது? ஒரு படி வழுக்கினதுக்கு யானை எதுக்கு?"

அவள் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப தாத்தா இல்ல" என்றாள்.

"என்ன பேச்சுப் பேசுதே நீ?"

"எனக்குக் காது குத்தினப்போ ஊசி எவ்வளவு நீளம்னு சொல்லுவீக? கடப்பாரைம்பீக. எனக்கு இருமல் வந்தப்போ ஓடு பறந்துட்டும்பீக. எங்க தாத்தா நெசமாவே வழுக்கியிருந்தா, நீங்க ஒரு படியோட விடுவீகளா? எரநூறு படி உருட்டி, கடேசிப் படியில ஒரு முதலையப் படுக்கப் போட்டிருப்பீக. போன வாரமே நெனச்சேன். நீங்க நீங்க மாதிரியே இல்ல. தாத்தா பேசுத மாதிரில்லா பேசுதீக."

ஆயுசு பூராவும் புளுகினேன், ஒருத்தரும் புண்படவில்லை. ஒரே ஒரு தடவை அளந்து பேசினேன், அது போய் நேராக அந்தப் பிள்ளையின் நெஞ்சில் இறங்கிவிட்டது.

"எப்ப?" என்றாள்.

"போன வெள்ளிக்கு முந்தின புதன்."

"வலிச்சுதா?"

"தெரியல மக்கா. நான் வண்டிய விருதுநகர் வரைக்கும் தள்ளிக்கிட்டிருந்தேன். அவக எந்த ஸ்டேஷன் வரைக்கும் கேட்டாகன்னு எனக்குத் தெரியல."

அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தாள். ஒரு சத்தம் வரவில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது. நான் பயந்துபோனேன். கூப்பிடட்டுமா என்று எழுந்தேன். அவள் என் வேட்டி நுனியைப் பிடித்துவிட்டாள்.

"கூப்பிடாதீக. அத்தைக்குத் தெரியக்கூடாது. எங்கம்மைக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிருமோன்னு அவகளுக்கு உறக்கமே கெடையாது. எனக்குத் தெரிஞ்சிட்டுன்னு தெரிஞ்சா அவக செத்துருவாக. உங்களையும் இந்த வாசல் ஏற விடமாட்டாக."

"அழுதுரு தாயி. கொஞ்சம் அழுதுரு."

"எங்க அழ? இந்த வீட்டுல எனக்குத் தனியா இருக்க ஒரு இடம் இல்ல. கொல்லைக்குப் போனாக்கூடப் பின்னால ஆள் வருது. கண்ணு கலங்கினா நாலு பேரு வந்து வயித்தத் தொட்டுப் பாக்காக." அவள் முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். "நாளு முழுக்க இதச் சுமந்துக்கிட்டுச் சிரிச்ச மூஞ்சியா இருக்கணும். எனக்கு மூச்சு முட்டுது, ரயில் தாத்தா. தாத்தாவ எப்படிக் கொண்டுபோனாக? யாரெல்லாம் வந்தாக? அதயாவது..."

சுக்குத்தண்ணி வந்துவிட்டது. "தாத்தாவும் பேத்தியும் என்ன ரகசியம்?" என்றார் காந்திமதியம்மாள். ஆனந்தவல்லி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திரும்பிவந்து பரமசிவனிடம், நம்பிவிட்டாள் என்று சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், அண்ணாச்சி பொய் ஒரு குடும்பத்தைக் காப்பாத்திட்டு என்றார்கள். பட்டணப் பிரவேசம் நடத்தாததுதான் குறை. நான் எல்லோரையும் பார்த்து மீசையை முறுக்கினேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? "வே, அந்தப் பிள்ளை என் பொய்யைப் பிடிச்சிட்டுவே" என்று சொன்னால் கேட்டுவிட்டு, "பின்ன? என் பேத்தில்லா" என்று சொல்லுகிற ஆளைத்தான் கொண்டுபோய் எரித்துவிட்டோமே.

வாரம் முழுக்க அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தைதான்: எங்க அழ? சாவு வீட்டில் எனக்கு இடம் கிடைக்கவில்லை என்று நான் மூக்கைச் சிந்தினேன். அவளுக்குச் சாவு வீடே கிடைக்கவில்லை.

மூன்றாவது வெள்ளி போனபோது பட்டாசாலை நிறையப் பெண்கள். மருத்துவச்சி இருந்தாள், பக்கத்து வீட்டார் இரண்டு பேர் இருந்தார்கள், காந்திமதியம்மாள் மருமகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இன்றோ நாளையோ என்றார்கள். ஆனந்தவல்லியின் கண் காய்ந்து பீங்கான் மாதிரி இருந்தது. "ஒரு வாரமா பிடிச்சுவச்ச பிள்ளையாராட்டம் இருக்கா. சரியாத் திங்க மாட்டேங்கா, ஒறங்க மாட்டேங்கா. நீங்க வந்தாக் கொஞ்சம் தெளிஞ்சிருவா" என்றார் காந்திமதியம்மாள்.

அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்: "எங்க தாத்தா எப்படி இருக்காக?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். மீசையை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

"உங்க தாத்தாவா? அந்த அநியாயத்த ஏன் கேக்கே? கால்ல போட்ட கட்டு பெருசாகிப் பெருசாகித் துணி பத்தல. கடையநல்லூருல மூணு தெருத் தறி ராப்பகலா ஓடுது, எல்லாம் உங்க தாத்தா காலுக்கு! ஊருல ஒருத்தனுக்கு வேட்டி இல்ல. மாப்பிள்ளை ஒருத்தன் வாழையிலையக் கட்டிக்கிட்டுத் தாலி கட்டுதான்."

மருத்துவச்சி முதலில் சிரித்தாள். ஆனந்தவல்லி தலையை நிமிர்த்தினாள்.

"வைத்தியர் வந்து பாத்தாரு. இது வீட்டுல வச்சுப் பாக்க முடியாது, என் இடத்துக்குத் தூக்கிட்டு வாங்கன்னுட்டாரு. நாலு பேரு தூக்கிப் பாத்தோம், அசையல. எட்டுப் பேரு. அசையல. உங்க தாத்தா என்ன லேசுப்பட்ட மனுஷனா? பெறகு நாப்பது பேரு வந்தான். வடக்கு ரத வீதி, தெக்கு ரத வீதின்னு பாக்காம கூட்டம் கூடிப்போச்சு. கோயில் நடைய அடச்சிட்டு பட்டருங்க வந்தாச்சு. மடைப்பள்ளியில அடுப்ப அணச்சிட்டு சமையக்காரங்க வந்தாச்சு. அவக கையால அரிசி வாங்கின அம்புட்டுப் பேரும் வந்தாச்சு."

"யாரு முன்னால பிடிச்சா?" என்றாள் அவள். குரல் கரகரத்தது.

"உங்க மாமா பரமசிவன்தான். மதுரைல இருந்து ரயில்ல பறந்துல்லா வந்தான்! பூக்கடைக்காரன் கூட கூடயாக் கொட்டுதான், ஊருல பிச்சி இல்ல, கேந்தி இல்ல, சாமிக்கு அன்னிக்கு வெறுங்கழுத்து. தெருவுல முழங்காலு ஆழத்துக்குப் பூ. நடக்க முடியல, நீந்திப் போறோம்! எனக்கு நீச்சல் தெரியாதா, ஒரு வாழத்தண்டப் பிடிச்சுக்கிட்டு..."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு வெடிச்சிரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் வந்தது சிரிப்பு இல்லை. ஆனால் அது எனக்குத்தான் தெரியும். தோள் குலுங்கியது, வாய் திறந்தபடி இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கி முந்தானையை நனைத்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவர்கள் எல்லோரையும் விடச் சத்தமாக, அந்தப் பெண் தன் தாத்தாவுக்காக அழுதாள். "தாத்தா, ஐயோ தாத்தா" என்று தொடையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதையும் சிரிப்பில் சேர்த்துவிட்டார்கள்.

நான் வேர்வையைத் துடைக்கிற மாதிரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்லுகிறவன் அழக்கூடாது. சொல்லுகிறவன் அழுதால் எல்லாம் போச்சு.

"போதும் அண்ணாச்சி, போதும்!" காந்திமதியம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் கையை வீசினார். "சிரிச்சுச் சிரிச்சுப் பிள்ளைக்குக் கண்ணுல தண்ணியாக் கொட்டுது. வயித்துல நோவு கண்டிரும். நிறுத்துங்க."

ஆனந்தவல்லி என்னைப் பார்த்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. அவளுக்கு இன்னும் முடியவில்லை. பாதிகூட ஆகவில்லை. நான் நிறுத்திவிட்டால், இந்தப் பெண் எதற்கு அழுகிறாள் என்று அடுத்த நிமிஷம் கேட்டுவிடுவார்கள்.

"எங்க நிறுத்த? தெக்கு ரத வீதி முக்குல வந்து திரும்பணும், திரும்ப முடியல" என்று எழுந்து நின்றேன். கையைத் தட்டி, தூக்குவதற்கு இன்னும் நாற்பது பேரைக் கூப்பிட்டேன்.